புஷ்கரிலிருந்து காங்கேயத்துக்கு மூன்று குதிரைகள்: இரவில் எங்கே இறக்குவது?

கொறங்காடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கே பல வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், எழுதுவது இதுதான் முதல் தடவை.

தோட்டம் காங்கேயத்துக்குப் பக்கத்தில். அப்பா காலத்தில் ஜட்கா வண்டிக்கு ஒரு மட்டக்குதிரை இருந்தது. அது போனபின் முப்பது வருடமாக லாயத்தில் தென்னைமட்டைதான் அடுக்கியிருந்தோம். சென்ற ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையை வேடிக்கை பார்க்கப் போனவள், புத்தி கெட்டுத் திரும்பி வந்தேன். அதன் பலன், இப்போது புஷ்கருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் எனக்குச் சொந்தமாக மூன்று மார்வாரிக் குதிரைகள் நிற்கின்றன. ஏழு வயதுப் பெட்டை ஒன்று. அதன் காலடியில் ஐந்து மாதப் பெண்குட்டி. அப்புறம் மூன்று வயது ஆண் ஒன்று. நான்கு காலும் முகமும் வெள்ளை, பஞ்சகல்யாணி. ஆணை வாங்கும் எண்ணமே எனக்கு இல்லை. சுழி பார்க்க என்னோடு வந்த பெரியவர் அதை மூன்று முறை சுற்றி நடந்துவிட்டு வாயே திறக்காமல் நின்றார். அவர் நின்ற நிலையைப் பார்த்தே விற்கிறவன் விலையை ஏற்றிவிட்டான்.

கார்த்திகைப் பௌர்ணமிச் சந்தை முடிந்த மறுநாள் ஏற்றுவதாகப் பேச்சு. வடக்கே சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் பதினேழு அடி லாரி ஒன்று கிடைத்திருக்கிறது. ஓட்டுநர் நாமக்கல்காரர், நல்ல மனிதர், ஆனால் குதிரை ஏற்றியதில்லை. அஜ்மீர், பில்வாரா, சித்தோர்கட், உதய்ப்பூர், அகமதாபாத், வதோதரா, சூரத், தாணே, புனே, கோலாப்பூர், பெலகாவி, ஹூப்ளி, பெங்களூரு, ஓசூர், சேலம் என்று கணக்குப் போட்டால் ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் வருகிறது. "இன்னொரு ஓட்டுநரைச் சேர்த்துக்கொள்ளலாம், எங்கும் நிற்காமல் மூன்றே நாளில் உங்கள் தோட்டத்தில் இறக்கிவிடுகிறேன்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று நாள் நின்றபடியே வரும் ஒரு பிராணியைப் பற்றி நினைத்தாலே என் கால் வலிக்கிறது.

நான் யோசித்து வைத்திருப்பது இதுதான். தினமும் நானூறு கிலோமீட்டர். இருட்டியதும் ஏதாவது ஒரு பெரிய தாபாவில் வண்டியை ஓரங்கட்டுவது, குதிரைகளை லாரியிலேயே விட்டுத் தண்ணீர், தீவனம் காட்டுவது, நாங்கள் கயிற்றுக் கட்டிலில் படுப்பது. இது போதுமா? இல்லை, ஒவ்வோர் இரவும் கீழே இறக்கித்தான் ஆக வேண்டுமா? இறக்குவதென்றால் எங்கே? முன்பின் தெரியாத ஊரில் மூன்று குதிரையோடு போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? வழியில் மாட்டுச் சந்தைத் திடல்கள் நிறைய இருக்கின்றன, தொட்டியும் தண்ணீரும் இருக்கும், அங்கே நிறுத்தலாமா?

சகோதரர் ஒருவர் "குதிரை நின்றபடியே தூங்கும், கவலைப்படாதே" என்றார். அவரிடம் ஆலோசனை கேட்டு நான் வாங்கிய டிராக்டரும் நின்றபடியேதான் தூங்குகிறது.

---

பவானிக்கரை எழுதியது:

அம்மணி, வடக்கே இருந்து ஏழு தடவை குதிரை கொண்டுவந்திருக்கிறேன். ஐந்து தடவை நன்றாக வந்து சேர்ந்தது. ஒரு தடவை சுமார். ஒரு தடவை அழுதுகொண்டே வந்தேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

அது எனக்கு முதல் பயணம். உங்கள் ஓட்டுநர் சொல்வதைப்போலவே நிற்காமல் வந்தோம். குதிரைகள் ஒன்றையொன்று கடிக்காமல் இருக்கட்டும் என்று தலைக்கயிற்றை மேல் கம்பியில் குட்டையாகக் கட்டிவிட்டேன். தலை நிமிர்ந்து அழகாகத்தான் நின்றன, சாமி ஊர்வலத்தில் நிற்பதுபோல. அந்தியூரில் இறக்கியபோது எல்லாம் நடந்துதான் இறங்கின. மறுநாள் இருமல், அதற்கடுத்த நாள் காய்ச்சல். நல்ல கறுப்புக் குதிரை ஒன்று பத்தாம் நாள் நுரையீரலில் சீழ் வைத்துச் செத்தது. பார்த்த மருத்துவர் அப்புறம் சொன்னார்: குதிரை தலையைக் கீழே தொங்கவிட்டால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியே வடியும். தலையைத் தூக்கிக் கட்டி நாள்கணக்கில் வைத்திருந்தால் அத்தனையும் உள்ளேதான் இறங்கும். மேயும் பிராணி அம்மணி. நாளில் முக்கால்வாசி நேரம் அதன் மூக்கு மண்ணில் இருக்க வேண்டியது.

அதனால்தான் இரவில் இறக்க வேண்டும். கால்வலி இரண்டாவது. நின்று தூங்கும் என்பது பாதி உண்மை. அசந்து தூங்க வேண்டுமென்றால் குதிரையும் படுத்துத்தான் தூங்கும். கொஞ்ச நேரந்தான், ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் வேண்டும். ஓடும் லாரியில் அது படுக்காது. நிற்கும் லாரியில் படுத்தால் அதைவிட ஆபத்து.

இனி இடம். எல்லோரும் வரைபடத்தில் ஊரைப் பார்ப்பார்கள். நான் மேட்டைப் பார்ப்பேன். லாரியின் அடித்தட்டு நான்கு அடி உயரம். குதிரை நான்கு அடி குதிக்காது. குதித்தால் கால் முறியும். லாரியின் பின்பக்கத்தை ஒட்டவைக்க ஒரு மண்மேடு, வாய்க்கால் கரை, கல்குவாரியின் ஏற்றுமேடை, ரோட்டைவிட உயர்ந்த காட்டு வரப்பு ஏதாவது ஒன்று வேண்டும். மேடு இல்லையென்றால் அந்த ஊரில் அரண்மனையே இருந்தாலும் அது நமக்குத் தங்குமிடம் இல்லை. கூடவே இரும்புச் சட்டத்தில் பலகை அடித்து எட்டு அடிச் சாய்தளம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அரை ஆள் உயர மேட்டோடு அது சேர்ந்தால் சரிவு குறைந்துவிடும். பலகைமேல் சாக்கைப் போட்டு ஆணி அடியுங்கள். குளம்புச் சத்தம் எதிரொலித்தால் குட்டி மிரளும்.

யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றீர்கள். வடக்கே எல்லாச் சிற்றூரிலும் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுபவர்கள் இருக்கிறார்கள். மாப்பிள்ளை குதிரையில்தானே போக வேண்டும் அங்கே. விற்றவரிடமே கேளுங்கள், ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார், அவர் அடுத்த ஊர்க்காரரைக் காட்டுவார், புஷ்கரில் கிளம்பும் முன்பே கோலாப்பூர் வரை பெயர் கிடைத்துவிடும். குதிரைக்காரன் குதிரைக்காரனைத் திருப்பி அனுப்ப மாட்டான். ஆனால் ஒன்று: நீங்கள் வரும் நேரம் வடக்கே கல்யாணக் காலம் தொடங்கும் நேரம். தேவ உத்தான ஏகாதசி பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்னால் வரும். அதிலிருந்து வரிசையாக முகூர்த்தம். இரவு பத்து மணிக்கு லாயத்தில் ஆள் இருக்க மாட்டார்கள், இரண்டு மணிக்கு ஜிகினாக் குதிரைகளோடு திரும்புவார்கள். மாலை ஐந்துக்கு வந்துவிடுகிறோம் என்று சொல்லிவைத்து, அதே நேரத்துக்குப் போய்ச் சேருங்கள்.

வெளிச்சத்தில் இறக்க வேண்டும். இது என் சட்டம். இருட்டில் இறங்கும் குதிரைக்கு நிழலெல்லாம் பள்ளம்.

என் கணக்கில் ஆறு இரவு. உதய்ப்பூருக்கு முன்னால் ஒன்று. ஆனந்துக்கும் வதோதராவுக்கும் நடுவே ஒன்று. வல்சாடு, வாபி பக்கம் ஒன்று; அங்கிருந்து விடியும் முன் கிளம்பித் தாணேயைத் தாண்டிவிட வேண்டும், நெரிசலில் நிற்கும் லாரியின் வெக்கையைப்போல் குதிரைக்குக் கெட்டது வேறில்லை. நான்காவது சதாரா. அங்கிருந்து கோலாப்பூர் நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர்தான். காலையிலேயே போய் இறக்கி அன்று பகலும் இரவும் அங்கேயே கிடக்கட்டும். பயணத்தின் நடுவில் ஒரு முழு ஓய்வு கட்டாயம். கரும்புச் சீமை, தண்ணீருக்கும் மேட்டுக்கும் குறைவில்லை. ஆறாவது இரவு ஹூப்ளியைத் தாண்டிச் சித்ரதுர்கா பக்கம். மறுநாள் வீடு. அந்தக் கடைசி நாள் நீளம். முடியவில்லையென்றால் ஓசூரில் ஏழாவது இரவு போடுங்கள், வீராப்பு வேண்டாம்.

தாபா வேண்டாம். இரவெல்லாம் ஏர் ஹாரன், நாய், விளக்கு. நீங்கள் தூங்கலாம், அவை தூங்கா.

---

எட்டுச்சக்கரம் எழுதியது:

அக்கா, நான் லாரிக்காரன், குதிரையைப் பற்றி எதுவும் தெரியாது. ஓட்டுநர் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன். நிற்காமல் வருகிறேன் என்று அவர் சொல்வது கெட்ட எண்ணத்தில் இல்லை. வண்டி நின்றால் அவருக்குக் காசு நிற்கும், அவ்வளவுதான். கிலோமீட்டர் கணக்கில் வாடகை பேசாதீர்கள். எட்டு நாள், நாளுக்கு இவ்வளவு, டீசலும் சுங்கமும் தனி என்று பேசுங்கள். அப்புறம் நீங்களே போகலாம் என்றாலும் அவர் "குதிரை தண்ணீர் குடிக்கட்டும் அக்கா" என்பார்.

அதிகாலை நான்குக்கு எடுத்து மதியம் இரண்டு, மூன்றுக்குள் ஓட்டத்தை முடிக்கச் சொல்லுங்கள். தாணே, புனே பக்கம் கனரக வண்டிக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு, அதுவும் அடிக்கடி மாறும். முதல் நாளே அந்தப் பக்கம் ஓடும் ஓட்டுநர்களிடம் விசாரிக்க வேண்டும். காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முன்கண்ணாடி அருகே வையுங்கள், மூன்று நகல். தார்ப்பாய் மூடிய லாரியில் உள்ளே ஏதோ பிராணி நகர்ந்தால் இரவில் மறிக்க ஆள் வருவார்கள். மாடு இல்லை, குதிரை என்று சொல்லிப் பயனில்லை, காட்ட வேண்டும். பகலில் ஓடினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

பிரேக். வளைவில் அவர் ஒரு தடவை சட்டென்று மிதித்தாரென்றால் உங்களைப் பின்னால் குதிரைகளோடு ஏற்றிக்கொண்டு பத்து கிலோமீட்டர் ஓட்டச் சொல்லுங்கள். அதன்பின் தானே புரிந்துகொள்வீர்கள் எவ்வளவு மெதுவாகப் போக வேண்டுமென்று, அவரும் புரிந்துகொள்வார்.

---

வெப்பமானி எழுதியது:

நாற்பது ஆண்டு கால்நடை மருத்துவம் பார்த்து ஓய்வு பெற்றவன். பவானிக்கரை அண்ணன் சொன்ன தலைக்கயிறு விஷயத்துக்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. அந்த ஒரு பத்தியை அச்சடித்து லாரியில் ஒட்டலாம். ஆனால் மாட்டுச் சந்தைத் திடலில் நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்களே, அதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

வேண்டாம். சந்தைத் திடலும் வேண்டாம், ஊர்வலக் குதிரைக்காரர் வீட்டுத் தொட்டியும் வேண்டாம். அவருடைய கொட்டகையில் தங்குங்கள், அவருடைய தொட்டியில் மட்டும் குடிக்க விடாதீர்கள். கிளாண்டர்ஸ் என்றொரு நோய் உண்டு. நம் நாட்டில் 2006இல் மகாராஷ்டிரத்தில் மறுபடி தலைகாட்டி, அப்புறம் பல வட மாநிலங்களில் பரவியது. நோய்ப்பட்ட குதிரையின் மூக்கொழுகல் கலந்த தண்ணீரும் தீவனமும்தான் அதற்கு ராஜபாட்டை. மனிதருக்கும் தொற்றும், மனித உயிரையும் எடுக்கும். நோய் உறுதியான குதிரையைச் சட்டப்படி கருணைக்கொலை செய்வார்கள். சிகிச்சை என்ற பேச்சே இல்லை. ஆகவே வாளி உங்களுடையது, தீவனத் தொட்டி உங்களுடையது, தேய்க்கும் பிரஷ் உங்களுடையது. பக்கத்துக் குதிரையோடு மூக்கோடு மூக்கு உரசவிடாத தூரத்தில் கட்டுங்கள். சந்தையிலிருந்து வரும் உங்கள் குதிரைகளிடமிருந்து அவருடைய குதிரைக்கும் இதே பாதுகாப்பு கிடைக்கிறது, அதை மறக்கக் கூடாது.

வாங்கியாயிற்று என்கிறீர்கள். ரத்தப் பரிசோதனை ஆயிற்றா? ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் கிளாண்டர்ஸும் குதிரைத் தொற்று ரத்தசோகையும் பரிசோதிக்கிறார்கள். உள்ளூர் அரசுக் கால்நடை மருத்துவர் மூலம் மாதிரி அனுப்பி, முடிவு கையில் வந்தபின் ஏற்றுங்கள். சந்தைக்குப் பின் மூன்று நாளில் கிளம்பும் அவசரத்தில் இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள்.

பயணத்துக்குத் தகுதி என்ற மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளில் குதிரைக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது. குதிரைகளுக்கு இடையில் 8 சென்டிமீட்டருக்குக் குறையாத குறுக்களவுள்ள மூங்கில் தடுப்பு, வழுக்காத தரை, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமல் இருக்கத் தலை இடதுபக்கம் பார்த்திருப்பது, ஒரு லாரியில் நான்கிலிருந்து ஆறு குதிரைக்குமேல் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. எழுதியவர் யாரோ, லாரியில் குதிரை பார்த்தவர்தான்.

குட்டிதான் எனக்குக் கவலை. ஓடும் வண்டியில் அது சரியாகப் பால் குடிக்காது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இன்ஜினை அணைத்து அரை மணி நேரம் நில்லுங்கள். அப்போது தாயும் தண்ணீர் குடிக்கும். பால் கொடுக்கும் பெட்டைக்கு நாளுக்கு நாற்பது ஐம்பது லிட்டர் வேண்டும், மூன்றும் சேர்ந்து நூறுக்குக் குறையாது. ஊருக்கு ஊர் தண்ணீர் மாறினால் மோந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அஜ்மீரிலிருந்தே கொஞ்சம் வெல்லம் கரைத்த தண்ணீருக்குப் பழக்குங்கள். அப்புறம் எந்த ஊர்த் தண்ணீரும் ஒரே ருசிதான். தானியத்தைக் குறையுங்கள். கொள்ளும் கடலையும் வீட்டுக்கு வந்தபின். வழியில் அங்கே தின்ற அதே காய்ந்த புல்லை நனைத்துக் கொடுங்கள், பத்து நாளுக்குக் கூடுதலாக லாரியில் ஏற்றுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது சிக்கிக்கொண்டால் வயிற்றுவலியில் புரளும்.

ஆண் குதிரையை எப்படி நிறுத்துவீர்கள்? முன்னால் தனித் தடுப்பில், நடுவே கெட்டியான பலகை. இரவில் பெட்டையின் கண்ணுக்குத் தெரியாத மூலையில் கட்டுங்கள். இல்லையென்றால் மூன்று குதிரையும் மூன்று மனிதரும் விழித்திருப்பீர்கள்.

காலையும் மாலையும் ஆசனவாயில் வெப்பமானி வையுங்கள். 99 முதல் 101 வரை சரி. 101.5ஐத் தாண்டினால் அன்று வண்டி நகரக் கூடாது. வீடு வந்தபின்னும் ஒரு வாரம் பாருங்கள், அண்ணனுடைய கறுப்புக் குதிரை அப்போதுதானே படுத்தது.

---

வறட்டுப்புல் எழுதியது:

ஏன் எல்லோரும் மும்பை வழியாகவே போகிறீர்கள்? சித்தோர்கட்டிலிருந்து நீமச், மந்த்சௌர், ரத்லாம், இந்தூர், துலே, சோலாப்பூர், விஜயபுரா, சித்ரதுர்கா என்று உள்வழி இருக்கிறது. நெரிசல் குறைவு. துலேயிலிருந்து சற்றுத் தள்ளினால் நந்துர்பார் மாவட்டத்தில் தபதிக் கரையில் சாரங்கேடா. தத்த ஜயந்திக்கு அங்கே பெரிய குதிரைச் சந்தை கூடும், அந்தப் பக்கம் குதிரை கட்ட இடம் கேட்டால் யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள்.

---

பவானிக்கரை எழுதியது:

தம்பி சொல்வது நல்ல வழிதான், ஒரு தடவை வந்திருக்கிறேன். ஆனால் இந்தூருக்குத் தெற்கே செந்த்வா மலையிறக்கம், துலேக்குத் தெற்கே கன்னட் மலைப்பாதை. கன்னட் பாதையில் லாரியை எப்போதும் விடுவார்கள் என்று நம்பி இறங்கக் கூடாது, சுற்றிப்போகச் சொன்னால் ஒரு நாள் போச்சு. குட்டி இருக்கிறது. தெரிந்த ஆள் இருக்கும் வழியே நல்ல வழி.

---

கொறங்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெப்பமானி ஐயா, உங்கள் பதிலைப் படித்த அன்றே ஏற்றும் தேதியைத் தள்ளிவைத்துவிட்டேன். ரத்தம் எடுத்து அனுப்பியாகிவிட்டது. விற்றவருக்குக் கோபம். கூடுதல் நாளுக்குத் தீவனக் காசு கேட்டார், கொடுத்துவிட்டேன்.

---

கொறங்காடு எழுதியது:

வந்து சேர்ந்துவிட்டோம். நேற்றோடு ஒன்பது நாள் ஆகிறது. வெப்பமானி சரியாகக் காட்டும்வரை எழுதுவதில்லை என்று இருந்தேன்.

திட்டப்படி நடந்தது ஓர் இரவுதான் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும் கிளம்பினோம், மூன்றுக்கும் சுத்தம். முதல் இரவு உதய்ப்பூருக்கு முன்னால் ஊர்வலக் குதிரைக்காரர் வீடு. மேடு அருமை, கொட்டகை அருமை, மனிதர் தங்கம். கொட்டகையின் பின்சுவர்தான் கல்யாண மண்டபத்தின் முன்சுவர் என்பதை அவர் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியாது, தொழிலே அதுதானே. இரவு பதினொன்றுக்குப் பேண்டு வாத்தியம் தொடங்கியது. பஞ்சகல்யாணி இரண்டு காலில் நின்று ஆடினான். குட்டி தாயின் வயிற்றுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. நான் மூன்று மணிவரை அவன் கழுத்தைத் தடவிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே தாலாட்டைத் திரும்பத் திரும்பப் பாடினேன். ராஜஸ்தானிக் குதிரைக்குத் தமிழ் புரியுமா என்று ஓட்டுநர் கேட்டார். அன்றிலிருந்து அவன் காது என் பக்கம்தான் திரும்புகிறது. மார்வாரிக் காது வேறு, நுனி இரண்டும் வளைந்து ஒன்றையொன்று தொடும், திரும்பினால் நன்றாகவே தெரியும்.

இரண்டாவது இரவு வதோதராவுக்கு முன்னால் பேசிவைத்திருந்த ஆள் தொலைபேசியை எடுக்கவில்லை. மணி ஐந்தரை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "அக்கா, ஊரை விடுங்கள், மேட்டைத் தேடுங்கள்" என்று ஓட்டுநரே சொன்னார். இந்தப் பக்கத்தை அவருக்கு நான் படித்துக் காட்டியிருந்தேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோரம் மெதுவாகப் போனோம். புகையிலைக் காட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, லாரிக்குள் எட்டிக் குட்டியைப் பார்த்தார். வேலை முடிந்தது. கரையிலேயே இறக்கினோம். முளை அடித்துக் கட்டி, மூவரும் மாறி மாறிக் காவல். எட்டு இரவில் எல்லோரும் நன்றாகத் தூங்கியது அங்கேதான். பெட்டை முழுதாகப் படுத்ததை முதன்முதலாக அங்கே பார்த்தேன். நான்கு காலையும் நீட்டி, செத்ததுபோல. பதறிப்போய் ஓடினேன், ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

வெல்லத் தண்ணீர் வேலை செய்தது. கோலாப்பூர் ஓய்வு நாளில் பஞ்சகல்யாணிக்குக் காலையில் 101.8. உள்ளூர் மருத்துவர் வந்து பார்த்து, நுரையீரல் சத்தம் சுத்தமாக இருக்கிறது, நகராமல் இருங்கள் என்றார். ஒரு நாள் இரண்டு நாளாயிற்று. தரையில் புல்லைப் போட்டுத் தலையைத் தொங்கவிட்டு மேய வைத்தேன். மூக்கிலிருந்து கெட்டியாகச் சளி வடிந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். மறுநாள் மாலை 100.4. நாள் வாடகை பேசியிருந்ததால் ஓட்டுநர் முகம் சுளிக்கவில்லை. எட்டுச்சக்கரம் தம்பிக்கு இதற்கென்று தனியாக ஒரு கும்பிடு.

ஓசூரில் மழை பிடித்துக்கொண்டது. வீராப்பு வேண்டாம் என்றீர்கள், அங்கேயும் ஓர் இரவு போட்டோம், கோலாப்பூரில் கூடிய நாளோடு அது எட்டாவது. தார்ப்பாயின்கீழ் ஒன்பது பேரும் ஒன்றாக நின்றதுபோல் இருந்தது. மூன்று மனிதர், மூன்று குதிரை, இடம் கொடுத்த வீட்டுக்காரரின் மூன்று ஆடு.

தோட்டத்தில் இறக்கும்போது மணி மதியம் இரண்டு. மேடு நான் கிளம்பும் முன்பே வெட்டிவைத்தது. குட்டிதான் முதலில் இறங்கியது. கொளுக்கட்டைப் புல்லை மோந்தது, தும்மியது, அப்புறம் மேய்ச்சல் கொறங்காட்டை ஒரு முழுச் சுற்று ஓடியது. தென்னைமட்டையை லாயத்திலிருந்து எடுத்து அடுப்பெரித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஒரே கேள்வி. அங்கிருந்து கொண்டுவந்த புல் இன்னும் இரண்டு நாளுக்குத்தான் வரும், சோளத்தட்டைக் கால் பங்கு கலந்து பழக்குகிறேன், அது பரவாயில்லை. குட்டிதான் கிளுவை வேலியைக் கடிக்கிறது. கடிக்கலாமா?

---

பவானிக்கரை எழுதியது:

முள் ஒரு தடவை உதட்டில் குத்தட்டும் அம்மணி, அதுவே விட்டுவிடும். பஞ்சகல்யாணியின் படம் ஒன்று போடுங்கள், சுழி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.